பூனையைத் தேடும் அம்மாவும் ஒரு தமிழ்ப் பெரியவரும்: நாடகத்தை நாடகமாகப் படிக்க

“இப்பாத்திரம் அன்பும் பொறுமையும் நிறைந்தவர்.” நாடகப் பாட விடைத்தாள்களில் அடிக்கடி தென்படும் வாக்கியம் இது. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால், இதையே ஒரு நாவலைப் பற்றியும் எழுதலாமே? நீங்கள் படித்தது மேடைக்காக எழுதப்பட்டது என்பது விடையில் எங்கே தெரிகிறது?

இதற்கு விடை தேட, நம் ஊர் நாடகம் ஒன்றிலிருந்து ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். குவோ பாவ் குன் உருவாக்கிய ‘அம்மா தன் பூனையைத் தேடுகிறாள்’ 1988இல் மேடையேறியது. நடிகர்களோடு பட்டறை நடத்தி வளர்த்தெடுத்த நாடகம் இது. ஆங்கிலம், மாண்டரின், தமிழ், மலாய், ஹொக்கியன் முதலிய மொழிகள் ஒரே மேடையில் ஒலித்ததால், சிங்கப்பூரின் முதல் பன்மொழி நாடகம் என்று இதைப் பலரும் குறிப்பிடுகிறார்கள்.

கதை எளிது. அம்மாவுக்குத் தெரிந்தது ஹொக்கியன். பிள்ளைகள் வளர வளர ஆங்கிலத்துக்கும் மாண்டரினுக்கும் போய்விடுகிறார்கள். வீட்டில் அம்மாவோடு பேச ஆள் இல்லை. பூனைதான் துணை. அதுவும் காணாமல் போக, அம்மா தேடிக் கிளம்புகிறார். 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கத்துக்குப் பின், சீனக் கிளைமொழிகள் வீட்டிலும் வெளியிலும் பின்வாங்கிய காலம் அது. இந்தப் பின்னணியை விடையில் ஒரு வரியில் சொன்னால் போதும். பின்னணியை மட்டும் பக்கம் பக்கமாக எழுதினால் அது வரலாற்றுப் பாட விடையாகிவிடும்.

இப்போது காட்சிக்கு வருவோம். தேடிப் போகும் வழியில் அம்மா ஒரு தமிழ்ப் பெரியவரைச் சந்திக்கிறார். அவரும் தம் பூனையைத் தொலைத்தவர். அம்மாவுக்குத் தமிழ் தெரியாது; பெரியவருக்கு ஹொக்கியன் தெரியாது. ஆனாலும் சைகையாலும் முகபாவத்தாலும் குரலாலும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்கிறார்கள். வயிற்றில் பிறந்த பிள்ளைகளோடு முடியாதது, வழியில் கண்ட அந்நியரோடு முடிகிறது. நாடகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அந்த உயிர் வசனத்தில் இருக்கிறதா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வசனத்தை மட்டும் வாசித்தால், இரண்டு பேர் ஒருவருக்கொருவர் விளங்காத மொழியில் பேசுவதுதான் மிஞ்சும். பூனையின் உயரத்தைக் காட்டும் ஒரு கை, மற்றவர் முகத்தைப் பார்த்து நிற்கும் ஓர் இடைவெளி என்று நடிகர் கூட்டித் தருபவற்றில்தான் பொருள் பிறக்கிறது. நாடகத்தைப் படிப்பவர் அந்த இடைவெளியையும் படிக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தக் காட்சியைப் பார்க்கும் எல்லாருக்கும் ஒரே அனுபவம் கிடைக்காது. தமிழ் தெரிந்தவர் பெரியவரின் சொற்களை உடனே பிடித்துக்கொள்வார். ஹொக்கியன் தெரிந்தவர் அம்மாவின் சொற்களை. இரண்டும் தெரியாதவர் முழுக்க முழுக்கச் சைகையை நம்பித்தான் பார்க்க வேண்டும். அரங்கில் இருப்பவருக்கும் ஏதோ ஒரு நேரத்தில் மொழி புரியாமல் போகிறது. அம்மாவின் நிலை அவருக்கும் கொஞ்சம் நேர்கிறது. ‘பார்வையாளர் மீது ஏற்படும் தாக்கம்’ என்று கேட்டால் எழுத வேண்டியது இதைத்தான்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. தமிழ்ப் பெரியவர் யார், அவர் வீட்டில் என்ன நடந்தது என்பதில் நாடகம் அக்கறை காட்டவில்லை. அம்மாவின் தனிமையை எடுத்துக்காட்ட வந்தவராகவே அவர் நின்றுவிடுகிறார். தமிழ் வாசகராக இந்தக் கேள்வியை எழுப்ப நமக்கு உரிமை உண்டு. மாணவர்கள் இதைத் துணிந்து எழுதலாம். பாராட்டு மட்டுமே திறனாய்வு ஆகிவிடாது.

பெரியவரின் வீட்டுக் கதையை நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 5 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிக அதிகமாகப் பேசுவது ஆங்கிலம் என்று தெரியவந்தது. பாட்டி தமிழில் கேட்க, பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்வது நம் வீடுகளிலும் நடக்கிறதுதானே? அதனால்தான் சொல்கிறேன், இந்தக் காட்சி தமிழ் வகுப்பிலும் பேசப்பட வேண்டியது.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. விளக்கம் சொல்வதற்கு முன், இரண்டு மாணவர்களை எழுப்பி, ஆளுக்கொரு மொழியில் மட்டும் பேசி, தொலைந்த பொருள் ஒன்றைப் பற்றிச் சொல்லவையுங்கள். மூன்று நிமிடம் போதும். மற்றவர்கள் தாங்கள் எதைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பிலிருந்தே கட்டுரையைத் தொடங்கலாம்.

மாணவர்களே, எந்த நாடகம் உங்கள் பாடமாக இருந்தாலும் எழுதுமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் மேடையில் யார் யார் இருக்கிறார்கள்? பேசாதவர் என்ன செய்கிறார்? பார்வையாளருக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாதது என்ன?

“அம்மா தனிமையில் வாடுகிறார்” என்பது தொடக்க நிலை விடை. “தம் மொழி அறியாத பெரியவரோடு சைகையால் அம்மா பேசும்போது, பிள்ளைகளோடு அவருக்கு இருந்த மௌனம் எவ்வளவு பெரியது என்பதைப் பார்வையாளர் உணர்கிறார்” என்பது நாடகத்தைப் படித்தவரின் விடை.

பயிற்சி வினா: உங்கள் பாடநூல் நாடகத்தில், பேசப்படும் வசனத்தைவிடப் பேசப்படாத ஒன்று முக்கியமாக அமையும் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, அது பார்வையாளரிடம் ஏற்படுத்தும் தாக்கத்தை ஆராய்க.