எஞ்சினுக்கு எத்தனை மதிப்பெண்?

"எஞ்சின் நல்லா இருந்தா போதும், மத்ததெல்லாம் பார்த்துக்கலாம்." ஒன்றரை லட்சத்துக்குள் பழைய கார் தேடுகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். மெக்கானிக் சொல்வார், மச்சான் சொல்வார், புரோக்கர் கட்டாயம் சொல்வார். பழைய ஆல்டோவும் சான்ட்ரோவும் கைமாறும் அந்த விலையில் இந்த அறிவுரை தலைகீழானது என்பது என் கட்சி.

எந்தச் சோதனைக்கு எவ்வளவு மதிப்பு என்று தீர்மானிக்க இரண்டு கேள்விகள் போதும். அதில் தெரியவரும் குறையைச் சரிசெய்ய முடியுமா? முடியுமென்றால், அந்தச் செலவு வண்டி விலையில் எத்தனை பங்கு?

முதலில் எஞ்சின். விற்பவரிடம் "நாங்க வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். போனதும் பானட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் முன்பே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்; ஏன் என்று கேட்பது தவறில்லை. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். ஓடும் எஞ்சினின் ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று தள்ளினால், மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள்: ரிங் தேய்ந்துவிட்டது.

இவை எல்லாமே நம்பத்தக்க சோதனைகள். ஆனால் இவற்றில் வெளிப்படும் நோய்கள் தீரக்கூடியவை. ஆல்டோவின் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கிறார், உதிரிபாகமும் கிடைக்கிறது. செலவை முன்கூட்டியே கேட்டு விலையில் கழித்துக்கொள்ளலாம். பழைய டீசல் வண்டியின் கணக்கு வேறு. டர்போ, காமன் ரெயில் இன்ஜெக்டர் ஆகியவற்றில் கோளாறு வந்தால், மலிவாக வாங்கியதன் லாபத்தை ஒரே பில் தின்றுவிடும். அங்கே மட்டும் எஞ்சினுக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம்.

அடுத்தது கிலோமீட்டர். "அறுபதாயிரம்தான் ஓடியிருக்கு" என்பதற்கு நான் அநேகமாகப் பூஜ்யமே தருவேன். மீட்டரைத் திருப்புவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓட்டுநர் இருக்கை ஓரம் அமுங்கிப்போன வண்டி அவ்வளவு குறைவாக ஓடியிருக்காது. கம்பெனி சர்வீஸ் பதிவேடு கிடைத்தால் மட்டுமே அந்த எண்ணுக்கு மதிப்பு.

பாடிக்கு வருவோம். பெயின்ட் பளபளப்பு எதையும் நிரூபிக்காது; சில சமயம் அதுவே சந்தேகத்துக்குக் காரணம். பானட் கீலிலும் ஃபெண்டரிலும் உள்ள போல்ட் தலைகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உதிர்ந்திருந்தால் அந்தப் பாகம் கழற்றப்பட்டிருக்கிறது. ஃபெண்டர் மாற்றியதில் பெரிய குற்றமில்லை, சென்னையில் ஓடும் வண்டி எங்காவது உரசத்தான் செய்யும். கதவு ரப்பரை விலக்கிப் பில்லரைப் பார்க்கும்போது வெல்டிங் தெரிந்தாலோ, கதவு ஓர இடைவெளி மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவுமாக இருந்தாலோ, வண்டியின் கூடே அடி வாங்கியிருக்கிறது. டிங்கரிங் பார்த்து அழகாக்கலாம், பழைய பலத்தைத் திரும்பக் கொண்டுவருவது அரிது.

துருவும் அப்படித்தான். கடலோர ஊர்களில் ஓடிய வண்டியை ராம்ப்பில் ஏற்றி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் அடித்தகட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் மேலே கறுப்பு அண்டர்கோட்டிங் புதுசாக மின்னும். அழுத்தினால் முனை உள்ளே இறங்கிவிடும். தரை மிதியடியைத் தூக்கினால் வண்டல் வாசனை, இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் கடைசி முழத்தில் சேற்றுக்கறை: இந்த மூன்றும் இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. காப்பீட்டு நிறுவனங்கள் கழித்துக்கட்டும் அத்தகைய வண்டிகள் ஏலத்துக்குப் போய், துடைத்து மெருகேறிச் சந்தைக்குத் திரும்புவதுண்டு. வயரிங்கில் புகுந்த ஈரம் எப்போது எங்கே காலை வாரும் என்று யாராலும் கணக்கிட முடியாது. கணக்கிட முடியாத செலவை விலையில் கழிக்கவும் முடியாது.

பழைய கார் நிறுவனங்கள் தரும் சோதனை அறிக்கைகள் இங்கே உதவுமா? ஓரளவு உதவும். ஆனால் வைப்பருக்கும் ஒரு டிக், பில்லருக்கும் ஒரு டிக் போட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று கூட்டிச் சொல்லும் அறிக்கையில் நிறுவை இல்லை. தவறிய அந்த ஐந்து எவை என்பதே கேள்வி.

கடைசியாகக் காகிதம். பலரும் அட்வான்ஸ் கொடுத்த பிறகே இதற்கு வருகிறார்கள். நான் இதை முதலில் வைப்பேன். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு எதுவரை செல்லும், காப்பீடு உண்டா, கடன் பதிவாகியிருக்கிறதா என்று தெரியும். சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். தவணைக் கடன் பதிவில் இருந்தால் நிதி நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. வெளிமாநில வண்டி என்றால் இங்கே வரி தனியாகக் கட்ட வேண்டும். மலிவின் ரகசியம் சில நேரம் அதுவே.

"ஓப்பன் ஃபார்ம் இருக்கு சார், எப்ப வேணா பேர் மாத்திக்கலாம்" என்பார்கள். பெயர் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்ட 29, 30 படிவங்களுடன் வண்டி நாலு கை மாறியிருக்கும். ஆர்.சி.யில் உள்ளவர் இறந்திருந்தால் வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். வண்டியை விற்றிருந்தாலும், பதிவில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆக, பெயர் மாற்றத்தில் வாங்குபவரைவிட விற்பவருக்கே அக்கறை அதிகம் இருக்க வேண்டும். அந்த அக்கறை இல்லாதவர் ஒன்று சட்டம் அறியாதவர், இல்லை அந்த ஆர்.சி.யில் உள்ள ஆளே இல்லை.

"காகிதம் சரியாக இருந்து பிரேக் பிடிக்காவிட்டால்?" என்று கேட்கலாம். பிரேக், டயர், சஸ்பென்ஷன் உயிர் சம்பந்தப்பட்டவைதான். ஆனால் அவை மாற்றக்கூடியவை. வாங்கிய அன்றே மாற்றுவதற்கான பணத்தைத் தனியே எடுத்து வைக்காமல் இந்த விலையில் கார் தேடவே கூடாது.

என் தீர்ப்பு இது. காகிதமும் கூடும் தேர்ச்சி பெற்றே ஆக வேண்டிய பாடங்கள். ஒன்றில் தவறினாலும் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வண்டி வேண்டாம். பெட்ரோல் எஞ்சின், பிரேக், டயர், ஏ.சி. ஆகியவை பேரத்துக்கு உரியவை. மீட்டருக்கும் மெருகுக்கும் மதிப்பெண் இல்லை. புகை விடும் எஞ்சினும் சுத்தமான ஆர்.சி.யும் உறுதியான அடித்தகடும் உள்ள ஆல்டோவை, எஞ்சின் செலவைக் கழித்துக்கொண்டு தைரியமாக வாங்கலாம். எஞ்சின் முத்துப்போல ஓடி, ஓப்பன் ஃபார்மில் நிற்கும் வண்டியை வாங்கக் கூடாது.