பால் ஹென்றி: அக்கிலில் நிமிர்ந்தவர், கானமாராவில் தேய்ந்தவர்

அயர்லாந்தின் மேற்குக் கரை என்றாலே பால் ஹென்றி (1876–1958) வரைந்த நீல மலையும் வெள்ளைக் குடிசையும்தான் பலருக்கு நினைவு வரும். புகழ் நியாயமானதுதான். ஆனால் அது தப்பான ஓவியங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பெல்ஃபாஸ்டில் பிறந்து, பாரிஸில் ஓவியர் விஸ்லரிடம் பயின்றவர். 1910இல் மேற்குக் கரையோர அக்கில் தீவுக்குப் போனவர், 1919 வரை அங்கேயே வாழ்ந்தார். தங்களைப் படம் வரைவது தீவுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்த மறுப்பே அவர் கண்ணைக் கூர்மையாக்கியது என்பேன். ‘உருளைக்கிழங்கு தோண்டுவோர்’ (1912) ஓவியத்தில் இரண்டு பெண்கள் குனிந்து வேலை செய்கிறார்கள். முகத்தைத் தேடத் தோன்றுவதில்லை. இடுப்பின் வளைவே உழைப்பைச் சொல்லிவிடுகிறது. பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் பாதிப்பு வெளிப்படை. ஆனால் மில்லேயின் உழவர்களைச் சூழ்ந்திருக்கும் பக்தி இங்கே இல்லை. தார் பூசிய துணிப்படகை ஆண்கள் கடலுக்குள் தள்ளும் ஓவியத்திலும் அப்படித்தான்: உடம்பின் பாரம் முழுக்கப் படகின் மேல் சாய்ந்திருக்கிறது.

டப்ளினுக்குக் குடிபெயர்ந்த பின் ஓவியங்களிலிருந்து மனிதர்கள் மெல்ல விலகிப்போனார்கள். 1925இல் ஒரு ரயில்வே நிறுவனம் மேற்குக் கரை வட்டாரமான கானமாராவை அவர் வரைந்த காட்சியைச் சுற்றுலாச் சுவரொட்டியாக்கியது. அதன்பின் குடிசை, அடுப்பெரிக்க வெட்டிக் குவித்த சதுப்பு மண், மலை, திரண்ட மேகம் என்று அதே அடுக்கு திரும்பத் திரும்ப வந்தது. பிழைப்புக்காக ஸ்காட்லாந்துக்குக் கிழங்கு அறுவடைக் கூலிகளாகப் போன மக்களின் மேற்குக் கரை அது. ஆளில்லாத வீட்டுக்குப் பின்னால் இருந்த வறுமை, இந்தப் படங்களில் வெறும் அமைதியாகிவிட்டது. என்னால் இதை மன்னிக்க முடியவில்லை.

அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு இருந்தது. ஓவியங்களில் வண்ணங்கள் சுருங்கியதற்கு அதைக் காரணம் காட்டுவோர் உண்டு. ஆனால் அதே கண்தான் ‘கில்லரி துறைமுகத்தில் விடியல்’ ஓவியத்தையும் தந்தது. அதிலும் ஆளில்லை, வண்ணமும் சொற்பம். ஆனாலும் நீரின் மேல் ஒளி ஊறிவருவதை அவர் அன்று புதிதாகப் பார்த்திருக்கிறார். ஆளில்லாமை குறையல்ல, பார்ப்பதை நிறுத்திவிட்டு, பழகிய கையை நம்பியதே குறை.

அக்கில் ஓவியங்களும் கில்லரி விடியலும் காலத்துக்கும் நிற்கும். பின்னாளைய கானமாராக் குடிசைகளில் பெரும்பாலானவை தேர்ந்த கைவேலை, அவ்வளவே. டப்ளின் தேசியக் கலைக்கூடத்துக்குப் போக வாய்த்தால், கிழங்கு தோண்டும் அந்தப் பெண்களை முதலில் பாருங்கள்.