சாமநத்தத்தில் ஓர் அடைமழை

மதுரையில் மழை என்றால் சாயங்கால மழைதான். பகலெல்லாம் வெயில் காய்ந்து, நாலு மணிக்கு இருட்டி, இடியோடு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். விடிந்ததிலிருந்து நசநசவென்று விடாமல் பெய்யும் மழை இங்கே அபூர்வம். வங்கக்கடலில் தாழ்வழுத்தம் உருவாகி இந்தப் பக்கம் திரும்பினால் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டொரு நாள் வாய்க்கும். அப்படியொரு நாள் கிடைத்தால் நகரத்தின் தென்கிழக்கு ஓரத்திலிருக்கும் சாமநத்தம் கண்மாய்க் கரைக்குப் போய்விடுவேன்.

பறவை பார்க்கிறவர்களே மழையன்று கிளம்பத் தயங்குவார்கள். தொலைநோக்கியில் ஆவி படியும், கேமராவைப் பையிலிருந்து எடுக்க மனம் வராது. எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் போகிற இடத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். உதாரணமாக, மழைநாளில் அரிட்டாபட்டிக்குப் போகவே கூடாது. மேலூர் பக்கத்து அந்த மலைகளை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். லகார் வல்லூறும் ராசாளியும் அங்கே உண்டு. ஆனால் பாறை சூடேறிக் காற்று மேலெழுந்தால்தான் பெரிய கழுகுகள் சிறகசைக்காமல் வட்டமிடும். மழையில் அவை ஏதோ ஒரு பாறை இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும். நாம் வெறும் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். (டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சிக்கி, மக்கள் திரண்டு நின்றதால் 2025 ஜனவரியில் தப்பித்த வட்டாரம் அது. வெறும் மலையாகப் பார்ப்பதும் ஒரு ஆறுதல்தான்.)

மழைக்குக் கண்மாய்தான் சரி. அதிலும் கண்மாய் ததும்பி மறுகால் பாய்வதற்கு முந்தைய நாட்கள். தண்ணீர் நிறைந்தால் பறவையும் நிறையும் என்று நினைப்போம். அது பாதி உண்மை. ஆழம் கூடிவிட்டால் உள்ளான்களுக்கும் கொக்குகளுக்கும் கால் ஊன்ற இடமிருக்காது, வயல்களுக்குப் போய்விடும். பாதி நிறைந்த கண்மாயில் கரையோரச் சேறு, நடுவில் ஆழம், நீருக்குள் முழங்கால் அளவில் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்கள் என்று எல்லாருக்கும் இடம் உண்டு.

சென்ற நவம்பரில் அப்படித்தான் இருந்தது. காலையில் வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல். நிறம் என்பதே இல்லை. மீன்கொத்தியின் நீலம்கூடக் கறுத்துப்போய்த் தெரிந்தது. இதில்தான் மழைநாளின் ருசி. நிறத்தை நம்பிப் பறவையை அடையாளம் காண்கிறவனின் பாடு திண்டாட்டம். கழுத்தை மடித்துக்கொண்டு பறந்தால் கொக்கு, நீட்டிக்கொண்டு பறந்தால் நாரை. மூடிய அலகின் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தால் நத்தைகுத்தி. அந்த இடைவெளி குஞ்சுக்கு இருக்காது. வளர வளரத்தான் விழும்.

நம் ஆட்கள் வைத்த பெயர்களை இந்த வெளிச்சத்தில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். முக்குளிப்பான், அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நத்தைகுத்தி, ஆட்காட்டி. ஒன்றிலாவது நிறம் இருக்கிறதா? செயலும் வடிவும் குணமும்தான். ஏர் ஓட்டிக்கொண்டும் மடை திறந்துகொண்டும் பார்த்தவர்களின் கண் அது. இப்படிப்பட்ட பெயர்களைத் தேடித் தொகுத்த க. ரத்னத்துக்கு நாம் பட்ட கடன் பெரிது. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைத் தொகுப்புக்கு ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று பெயர் அமைந்ததும் பொருத்தம்தான்.

அன்று மொத்தம் ஒரு மணி நேரம் ஒரே ஒரு பாம்புத்தாராவைப் பார்த்தேன். பட்டுப்போன கருவேலக் கிளையில், இருபது முப்பது அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தது. வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. பாம்புத்தாராவின் இறகு ஊறும். ஊறுவதால்தான் உடம்பு முழுக்க நீருக்குள் அமிழ்ந்து, கழுத்து மட்டும் பாம்பு மாதிரி மேலே நெளிகிறது. மீன் பிடிக்க அது வசதி. ஆனால் கரையேறியதும் காய வேண்டுமே. தூறல் ஓய்ந்ததும் மெதுவாகச் சிறகை விரித்தது. தோளிலிருந்து இறங்கும் வெள்ளிக் கோடுகள் ஒவ்வொன்றிலும் துளித் துளியாக நீர். வாலை விசிறியாக்கி உதறியது. அதற்குள் மறுபடி தூறல். சிறகை மடித்தது. ஊசி அலகின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் நெடுநேரம் தொங்கியது. இப்படி நாலு முறை விரிப்பதும் மடிப்பதுமாக. வெயில் நாளில் இதே பறவையை அரை நிமிடம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். கூட்டமில்லாத நேரத்தில் மீனாட்சியம்மன் கோயிலில் ஒரே தூணின் முன்னால் நிற்கக் கிடைப்பது போன்ற பாக்கியம் இது.

பக்கத்தில் முக்குளிப்பானுக்கோ மழை ஒரு பொருட்டே இல்லை. கைப்பிடி அளவு உடம்பு, முங்கும், எழும். மற்ற நாளில் அலையை வைத்து எங்கே எழும் என்று ஊகிக்கலாம். அன்று கண்மாய் முழுக்கத் துளி விழுந்த வளையங்கள். ஊகித்ததில் ஒருமுறைகூட நான் ஜெயிக்கவில்லை.

கொங்காணி போட்டுக்கொண்டு ஆடு பத்திவந்த பெரியவர் நின்றார். “மழையில கண்ணாடிய வச்சுக்கிட்டு என்னத்தய்யா பாக்குறீக?” சொன்னேன். “அதுல என்ன இருக்கு, மழை விடட்டும், அந்தப் புத்துக்கிட்ட வந்து பாருங்க கூத்த” என்றார்.

மழை விட்டது நாலரைக்கு. புற்றிலிருந்து ஈசல் புகை மாதிரி கிளம்பியது. முதலில் கரிச்சான்கள், பிறகு மைனா, காகம். மேலே கரும்பருந்து ஒன்று, பறந்தபடியே காலால் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது. பெரியவர் பீடி பற்றவைத்துக்கொண்டு, “எப்படி?” என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

இருட்டத் தொடங்கியபோது கரைக்கு அப்பாலிருந்த புளியந்தோப்பிலிருந்து இரண்டு சுரச் சீழ்க்கை கேட்டது. ஆறுமணிக்குருவி. வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு வரும் விருந்தாளி, விடியலிலும் அந்தியிலும் கூப்பிடும். மணி ஆறு ஐந்து. தோப்புக்குள் போகவில்லை, ஒரே சேறு.

குறிப்பேட்டில் அன்றைய கணக்கு 23. கடைசி வரியில் ஆறுமணிக்குருவி. பக்கத்தில், கேட்டது மட்டும்.