கதிரையும் வாங்கும்

கந்தோர் என்னுஞ் சொல்லை நமக்குத் தந்தவர் ஒல்லாந்தர். அதனுள்ளே கிடக்கும் மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு, யன்னல் ஆகியவற்றின் பெயர்களோ போர்த்துக்கேயர் வழி வந்தவை. கச்சேரி என்பது வடநாட்டு வழக்கு. ஆங்கிலேயர் ஆட்சியோடு இங்கு நிலைபெற்றது. இச்சொற்கள் தனியே வந்தனவல்ல. அதிகாரிக்குக் கதிரை, குடியானவனுக்கு விறாந்தை வாங்கு என்னும் ஓர் ஒழுங்கும் அவற்றோடு வந்தது. அந்நியராட்சி 1948இல் நீங்கிற்று. அவ்வொழுங்கும் நீங்கிற்றா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

வன்னி மக்களுக்கு இது வெறுங் கட்டடக்கலை விவகாரமன்று. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. அதனால் அரசாங்க அலுவலகம் குடிமக்களுக்குச் சற்று அண்மையில் வந்தது. 2009இல் போர் முடிந்தபின், காணி உறுதியையும் பிறப்புச் சான்றையும் வீட்டோடு இழந்தவர்கள் மீண்டும் மீண்டும் ஏறி இறங்கியவை அவ்வலுவலகப் படிகளே. உறவினரின் இறப்பைப் பதிவுசெய்யச் சென்றவளும் அங்கேதான் காத்திருந்தாள். அத்தகைய இடம் எவ்வாறு அமைந்துள்ளது என்பது, அரசு தன் குடிகளை எவ்வாறு மதிக்கிறது என்பதற்கு நேரான சான்றாகும்.

இன்று நம் நகரங்களில் எழும் அலுவலகங்கள் பலவற்றின் முகப்பை நிறைப்பது கண்ணாடி. வெயிலை உள்ளே விட்டு, வெப்பத்தை வெளியேறவிடாது தடுப்பது அதன் இயல்பு. குளிர்நாட்டார்க்கு அது நன்மை. வரண்ட வலயத்து வெயிலில் வாழும் நமக்கு அது தண்டனை. அவ்வெப்பத்தை அகற்றக் குளிரூட்டி வேண்டும். குளிரூட்டியோ பெரும்பாலும் மேலதிகாரியின் அறையோடு நின்றுவிடுகிறது. நடுக்கூடத்து இலிகிதருக்கு மின்விசிறி. வெளியே நிற்கும் விவசாயிக்கு வெறுங் காற்று, அதுவும் வீசினால். ஒரே கூரையின் கீழ்க் காற்றுக்கூட மூன்று வகுப்பாகப் பிரிந்துவிடுகின்றது! 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியபோது, திறக்கமுடியாத யன்னலால் யாருக்கு என்ன பயன் என்பது நாடெங்கும் விளங்கியிருக்க வேண்டும்.

இலிகிதரின் சிடுசிடுப்பைக் குறைகூறுவோர் பலர். நாள் முழுதும் புழுக்கத்திலும் இரைச்சலிலும் கோப்புக் குவியல்களிடையே இருப்பவரிடம் இன்முகத்தை எதிர்பார்ப்பது எங்ஙனம்? ஒளி, காற்று, ஓசை ஆகியவற்றைத் தம் தேவைக்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ முடிகின்றவர்க்கே பணியிடம் நிறைவு தருகின்றது. தன் யன்னலைத் தான் திறக்கும் உரிமை சிறிதெனினும், அது உழைப்பவனின் தன்மதிப்போடு தொடர்புடையது. சுவர்களை அகற்றிவிட்டால் ஊழியர் நெருங்கிப் பழகுவர் என்று மேலைநாட்டு முதலாளிகள் நம்பினர். ஹார்வர்டைச் சேர்ந்த பெர்ன்ஸ்டைன், டர்பன் இருவரும் இரு பெரு நிறுவனங்களில் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு வேறு: திறந்த கூடத்துக்கு மாறியபின் ஊழியரின் நேர்முக உரையாடல் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. எவரும் எவரையும் கண்காணிக்கத்தக்க இடத்தில் மனிதன் தனக்குள்ளே ஒடுங்கிவிடுகிறான் போலும்.

வழி இல்லாமலில்லை. ஜெஃப்ரி பாவா 1970களில் கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்கென வடிவமைத்த மாடிக் கட்டடம், காற்று வீசும் திசையைக் கணித்து, அக்காற்றே உள்ளே உலாவும்படி அமைக்கப்பட்டது. அதே காலப்பகுதியில் திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையத்தை லாறி பேக்கர் செங்கல்லால் எழுப்பி, சுவர்களிலே துளைகள் விட்டுக் காற்றையும் ஒளியையும் வரவேற்றார். நம் முன்னோரின் நாற்சார் வீட்டு முற்றமும் திண்ணையும் போதித்த பாடமும் இதுவே. பணமில்லை என்னும் சமாதானம் இங்கே செல்லாது. தாழ்ந்த கூரையிறப்புக்கும், திறக்கும் யன்னலுக்கும், முற்றத்து வேம்புக்கும் கண்ணாடி முகப்பளவு பணம் வேண்டியதில்லை. வேண்டியது, வரைபடம் தீட்டுமுன் அங்கே இருக்கப்போகிறவரைக் கேட்கும் மனப்பாங்கு.

அவ்வாறு கேட்கும்போது இலிகிதரை மட்டும் கேட்டால் போதாது. அரை நாள் காத்திருக்கும் கிழவியும் அக்கட்டடத்தில் இருப்பவள்தான். அவளுக்கு நிழலும் நீரும் சாய்ந்திருக்க ஓர் இருக்கையும் வேண்டும். கதிரையில் இருப்பவரும் வாங்கில் இருப்பவரும் பகைவரல்லர். ஒரே புழுக்கத்தில் வாடும் உழைக்கும் மக்கள். இருவரும் சேர்ந்து கேட்டால் யன்னல்கள் திறக்கும்.