வோல்டேஜைக் குறைப்பதா, வாட்டைக் குறைப்பதா?

ஓசூர் சிப்காட் பக்கத்தில் ஒரு டூல் ரூமுக்கு, மேஜை ஓரத்தில் அடங்குகிற கம்ப்யூட்டர் வேண்டும் என்றால் வழி எளிது. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு எஸ்.பி. ரோடு இருக்கிறது. 170 மில்லிமீட்டர் சதுர மினி-ஐடிஎக்ஸ் போர்டும் 37 மில்லிமீட்டர் உயரக் கூலரும் வாங்கி, ஒரு நாளில் சேர்த்துவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகு, பெட்டிக்குள் சேரும் சூட்டில்தான். இதற்குப் பலரும் சொல்லும் வைத்தியம் அண்டர்வோல்ட். ப்ராசஸருக்குப் போகும் வோல்டேஜைச் சற்றுக் குறைத்தால் சூடு தணியும், வேகம் கூடும், கரண்ட் பில் இறங்கும், சிப் நீடித்து உழைக்கும் என்கிறார்கள். இந்த நான்கும் ஒரே அளவுக்கு உண்மையல்ல.

அடிப்படை விதி சரியானது. சிப் இயங்கும்போது செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.25 வோல்ட்டை 1.15 ஆக்கினால் வோல்டேஜ் குறைவது 8 சதவீதம். அதே வேகத்தில் மின்செலவு குறைவது சுமார் 15 சதவீதம். தயாரிப்பாளர்கள் சுமாரான சிப்பும் பல வருடம் தவறாமல் ஓட வேண்டும் என்று வோல்டேஜைத் தாராளமாகவே வைக்கிறார்கள். நல்ல சிப் அமைந்தவருக்கு அந்த மிச்சம் கிடைக்கிறது.

ஆனால் மிச்சம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஏஎம்டி 2020 கடைசியில் ரைசன் 5000 வரிசைக்குக் கொடுத்த ‘கர்வ் ஆப்டிமைசர்’ வசதியில் வோல்டேஜைக் குறைத்தால், சிப் அந்த மிச்சத்தைச் சும்மா விடுவதில்லை. வாட் வரம்பையோ வெப்ப வரம்பையோ தொடும்வரை வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. ரைசன் 7000 வரிசையின் பல சிப்களுக்கு 95 டிகிரிதான் வரம்பு. சின்னக் கூலரின் கீழ் அந்த வரம்பை முட்டி நிற்கும் சிப்பை அண்டர்வோல்ட் செய்தால், வேகம் சிறிது கூடும். வெப்பம் 95-லேயே நிற்கும். சூடும் குறைந்து வேகமும் கூடும் என்ற வாக்குறுதி இங்கே உடைகிறது.

சூட்டை நிச்சயமாகக் குறைப்பது வாட் வரம்புதான். இதற்கு ஏஎம்டியே சாட்சி. ரைசன் 5 7600எக்ஸ் சாக்கெட் வழியாக 142 வாட் வரை இழுக்கும். 2023 ஜனவரியில் வந்த ரைசன் 5 7600 நிற்பது 88 வாட்டில். இரண்டிலும் ஆறு கோர்கள்தான். உச்ச வேகத்தில் வித்தியாசம் 5.3 கிகாஹெர்ட்ஸுக்கும் 5.1-க்கும் உள்ளது. கடைசி 54 வாட் வாங்கித் தருவது சொற்ப வேகம்தான். ஆனால் சின்னப் பெட்டியின் திணறலில் பெரும்பங்கு அதனால்தான் வருகிறது. பயாஸில் வாட் வரம்பைக் குறைக்கும் எக்கோ மோடைப் போட்டால் வோல்டேஜ் அட்டவணையைத் தொடாமலே இந்தத் தணிவு கிடைத்துவிடுகிறது.

நம் ஊர் நிலவரமும் இந்தப் பக்கமே சாய்கிறது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிச் செல்லும் சூடு குறைகிறது. கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் காற்று சற்று அடர்த்தியாகும், ஆனால் கோடையில் வெளியே 38, 39 டிகிரி. அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ கிட்டத்தட்ட அத்தனை டிகிரி சிப்பும் ஏறும். இதோடு டூல் ரூமின் கூலன்ட் ஆவியும் கிரானைட் பட்டறைகளின் மாவுத்தூளும் சேர்ந்து ஃபின்களில் பசைபோல் படிகின்றன. அடைத்துக்கொண்ட ஹீட் சிங்க்கை எந்த வோல்டேஜ் குறைப்பும் காப்பாற்றாது.

கரண்ட் பில் வாதம் கணக்கில் நிற்கவில்லை. 30 வாட் மிச்சம், நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 6 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 48 ரூபாய்.

ஆயுள் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் நிலைகுலைந்ததில் மிகையான வோல்டேஜுக்குப் பங்குண்டு என்று இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் திருத்தம் கொடுத்து, வாரன்ட்டியை 2 ஆண்டு நீட்டியது. ஆனால் சிப் வயதாக ஆக அதற்குத் தேவைப்படும் வோல்டேஜும் ஏறுகிறது. இன்று நாம் சீவி எடுக்கும் மிச்சம் அந்த நாளுக்காக வைத்ததும்தான்.

எல்லாவற்றையும்விடக் கனமானது நம்பகத்தன்மைக் கேள்வி. எல்லாக் கோர்களையும் முறுக்கிவிடும் சினிபெஞ்ச் சோதனையில் அரை மணி நேரம் தாங்கிய அமைப்பு, யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆவதுண்டு. ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும் நொடியில்தான் வோல்டேஜ் போதாமல் போகிறது. அதைவிடக் கெட்டது நிற்காமலே தப்பாகக் கணக்குப் போடுவது. 2019 டிசம்பரில் பர்மிங்ஹாம், கிராஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘ப்ளண்டர்வோல்ட்’ தாக்குதல், வோல்டேஜைக் குறைத்தே இன்டெல் சிப்பில் பெருக்கல் விடையைத் தவறாக்கிக் காட்டியது. அது வேண்டுமென்றே எல்லைக்குத் தள்ளிய சோதனை. ஆனாலும் அப்படி ஒரு தவறு சாத்தியம் என்பதற்கு அதுவே சான்று. டை வெட்டுவதற்கான டூல் பாத் கணக்கிடும் கம்ப்யூட்டரில் ஒரு எண் பிசகினால் நஷ்டம் ஸ்டீல் பிளாக்கில் விழும்.

ஆகவே என் தீர்ப்பு இது. சின்னப் பெட்டி எதுவானாலும் முதலில் தூசியை நீக்கி, வாட் வரம்பைக் குறையுங்கள். தொழிலுக்குக் கணக்கிடும் கம்ப்யூட்டரில் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அண்டர்வோல்ட் தரும் கூடுதல் லாபம் அந்த அபாயத்துக்கு ஈடாகாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் தாராளமாகச் செய்யலாம், நிபந்தனையோடு: ஒவ்வொரு கோராகச் சோதிக்க வேண்டும்; விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா (WHEA) எனப்படும் ஹார்டுவேர் பிழை ஒன்று வந்தாலும் பின்வாங்க வேண்டும்; கிகாஹெர்ட்ஸை நம்பாமல் வேலை முடிய ஆகும் நேரத்தை அளக்க வேண்டும், ஏனெனில் வோல்டேஜ் போதாத சிப் வேகத்தை அப்படியே காட்டிக்கொண்டு உள்ளுக்குள் தாமதிக்கும். தேறிய எல்லையிலிருந்து சில படி மேலே வைத்து, சித்திரை வெயிலில் இன்னொரு முறை சோதித்த பிறகே அதை நிரந்தரமாக்குங்கள்.