ஒன்பது லிட்டர் டேங்க்கில் ஏழு லிட்டர்

பிஎம்டபிள்யூ ஐ3 காரில் 'ரேஞ்ச் எக்ஸ்டெண்டர்' என்று ஒரு வகை வந்தது. அடிப்படையில் அது பேட்டரி கார்தான். பின்னால் 647 சிசி பெட்ரோல் எஞ்சின் ஒன்று இருக்கும். அது சக்கரத்தைச் சுற்றாது, ஜெனரேட்டரை ஓட்டி மின்சாரம் தரும், அவ்ளோதான். பெட்ரோல் டேங்க் 9 லிட்டர்.

2014ல் இந்தக் கார் அமெரிக்காவுக்குப் போனபோது, அதே டேங்க்கில் சுமார் 7.2 லிட்டர்தான் பயன்படும் என்று ஆக்கிவிட்டார்கள். டேங்க்கை மாற்றவில்லை. மென்பொருளில் ஒரு வரம்பு வைத்தார்கள். இருபது வருஷமாக கோடு எழுதுகிறவன் என்பதால் இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. கூடவே, யார் எதற்காக இப்படிக் கேட்டார்கள் என்ற கேள்வியும் வந்தது.

கேட்டது கலிஃபோர்னியா காற்றுவள வாரியம். 2012ல் அவர்கள் 'பிஇவிஎக்ஸ்' என்று ஒரு பிரிவை உருவாக்கினார்கள். எஞ்சின் இருந்தாலும் காரை ஏறக்குறைய முழு மின்கார் போலவே கணக்கில் எடுத்துக்கொள்ளும் சலுகை அது. அதற்கான நிபந்தனைகளில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, பெட்ரோலில் ஓடும் தூரம் பேட்டரியில் ஓடும் தூரத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு, பேட்டரி தீர்ந்த பிறகுதான் எஞ்சின் கிளம்ப வேண்டும்.

முதல் நிபந்தனைதான் டேங்க்கைச் சுருக்கியது. அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் அந்தக் கார் பேட்டரியில் 72 மைல் ஓடும், பெட்ரோலில் கேலனுக்கு 39 மைல் தரும். முழு டேங்க் 2.4 கேலன் என்றால் 93 மைல் வந்துவிடும். 1.9 கேலன் என்றால் 74. வாரியம் தனக்கென்று வேறு பரிசோதனை முறை வைத்திருப்பதால் ஓரிரு மைல் முன்னே பின்னே இருக்கும். ஆனால் அந்த 1.9 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. அடிக்கடி பங்க்குக்குப் போகணும், அவ்வளவுதான். என் விமர்சனம் இரண்டாவது நிபந்தனை மீது.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டி காலியான பிறகுதான் மோட்டார் ஓடும், அந்த மோட்டாரும் குழாய்களில் போகிற வேகத்துக்கு ஏற்றாது என்றால் என்ன ஆகும்? இந்த ஜெனரேட்டரின் அதிகபட்சத் திறன் சுமார் 25 கிலோவாட். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடை, 6 சதவீத ஏற்றம், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் என்று கணக்குப் போட்டேன். ஏற்றத்துக்கு மட்டும் 27 கிலோவாட். காற்று எதிர்ப்பு, டயர் உராய்வு எல்லாம் சேர்த்தால் 43 வரை வருகிறது. பற்றாக்குறை 18 கிலோவாட்.

அமெரிக்காவில் எஞ்சின் கிளம்பியது பேட்டரி 6.5 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு. கையிருப்பு சுமார் 1.2 யூனிட், அதாவது நான்கு நிமிடம். அதற்குப் பிறகு நெடுஞ்சாலையில், பின்னால் லாரி வர, வேகம் தானாகக் குறையும். ஐரோப்பாவில் 75 சதவீதத்துக்குக் கீழே வந்ததுமே ஓட்டுநர் எஞ்சினைப் போட்டுக்கொள்ளலாம். அதே மலை, அதே கார், முக்கால் மணி நேரம் தாங்கும். மேட்டில் திணறுகிறது என்று கலிஃபோர்னியாவில் 2016ல் வழக்கே போட்டார்கள். சில உரிமையாளர்கள் லேப்டாப்பைச் செருகி, அந்த வசதியையும் முழு டேங்க்கையும் தாங்களே திறந்துகொண்டார்கள். ஒரு விதி ஆபத்தாகவும் இருந்து, சுலபமாக மீறவும் முடிந்தால் அது நல்ல விதி இல்லை.

ஆனால் வாரியத்தின் சந்தேகத்தை முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. பெரிய டேங்க் கொடுத்தால் ஜனங்கள் சார்ஜ் போடாமல் பெட்ரோலிலேயே ஓட்டுவார்கள் என்பதுதான் பயம். 2024ல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள் சாலையில் விட்ட கரியமில வாயு, ஆய்வக மதிப்பைப் போல் சராசரியாக 3.5 மடங்கு. பயம் நியாயமானதுதான் என்று தெரிகிறது.

அந்த அறிக்கைக்குத் தரவு எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். 2021 முதல் ஐரோப்பாவின் புதிய கார்களில் கட்டாயமான எரிபொருள் மீட்டரிலிருந்து. அதாவது எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்பதை நேரடியாகவே அளக்க முடியும். அதை அளந்து சலுகையைக் கூட்டலாம், குறைக்கலாம். எவ்வளவு பிடிக்கும், எப்போது எரியலாம் என்று கட்டுப்படுத்துவது, அளக்க வழியில்லாத காலத்து யோசனை.

2017 மாடலில் பேட்டரி பெரிதானது. பேட்டரியில் 97 மைல், பெட்ரோலில் 83 மைல். விகிதம் சரியாகிவிட்டதால் டேங்க் வரம்பும் போய்விட்டது. முன்பு எட்டாமல் இருந்த ஒன்றே முக்கால் லிட்டர் திரும்பக் கிடைத்தது. அந்த டேங்க் அப்போதும் 9 லிட்டர்தான்.