அழகும் பழுதும் ஓரிடத்தில்

புது ஸ்போர்ட்ஸ் காரை ஒப்பிடுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஹார்ஸ்பவர் எவ்வளவு, நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை வினாடி, விலை என்ன என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பினால் போதும். அதே கார் இருபது வருடம் ஓடிய பிறகு அந்தக் கட்டங்களை நம்பி எதுவும் செய்ய முடியாது. அதற்குள் அது எங்கே உடையும், எங்கே உடையாது என்பது மெக்கானிக்குகளுக்கெல்லாம் அத்துபடி ஆகியிருக்கும். எனக்கு ருசி அந்த அறிவில்தான். ஒரு காரை உருவாக்கியவர்கள் எதன்மேல் ஆசைப்பட்டார்கள், அதற்காக எதைப் பணயம் வைத்தார்கள் என்பதை விளம்பரத்தைவிடப் பழுது தெளிவாகச் சொல்லும். நான் விரும்பும் கூப்பேக்களில் அழகு எங்கே பிறக்கிறதோ பெரும்பாலும் அங்கேயேதான் பழுதும் பிறக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, எந்தப் பழுதோடு என்னால் சந்தோஷமாகக் காலம் தள்ள முடியும் என்பதைத்தான்.

பிஎம்டபிள்யூ எம்3யிலிருந்து தொடங்குகிறேன். இ46 என்ற குறியீட்டில் 2000 முதல் 2006 வரை வந்த தலைமுறை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது இன்னொரு 3 சீரிஸ் கூப்பே. கொஞ்சம் நின்று பார்த்தால் பானெட் நடுவில் ஒரு மேடு, சக்கரங்களுக்கு மேல் புடைத்த வளைவு, முன் சக்கரத்துக்குப் பின்னால் காற்றுத் திறப்பு என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். அலட்டல் இல்லாத கம்பீரம். உள்ளே 3,246 சிசி எஞ்சின், நேர்வரிசையில் ஆறு சிலிண்டர். டர்போ கிடையாது. ஆனாலும் 343 ஹார்ஸ்பவர். லிட்டருக்கு நூறுக்கு மேல். அந்தச் சக்தி முழுவதும் கைக்கு வருவது 7,900 ஆர்பிஎம்மில். சிவப்புக் கோடு 8,000த்தில்.

ஆறு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் வைத்திருக்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரில் கால் பட்டதும் எஞ்சின் பதில் சொல்லும். டர்போ எஞ்சின்களில் வரும் அந்தச் சின்னத் தயக்கம் இதில் இல்லை. 3,000 சுற்றில் சாது. 5,000 தாண்டியதும் குரல் மாறி, இரும்பின் மேல் அரம் ஓடுவது போல ஒரு கரகரப்பு ஏறும். அது பிடிக்காதவர்கள் உண்டு. எனக்கு இந்த எஞ்சினே அந்தக் கரகரப்புக்காகத்தான்.

டாக்கோமீட்டரைக் கவனியுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் மேல் எண்களின் ஓரமாக ஆரஞ்சு நிறச் சிறு விளக்குகள் வரிசையாக எரியும். ஆயில் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே போகும். இப்போதைக்கு இதற்கு மேல் போகாதே என்று எல்லை போட்டு, அந்த எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துகிறது கார். இந்த எஞ்சினின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அந்த விளக்குகள் காட்டிக்கொடுக்கின்றன. கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங்கில் இருக்கிறது. நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றில் பிஸ்டன் ஏறி இறங்கும் விசையெல்லாம் அந்த மெல்லிய தகட்டின் மேல்தான் விழுகிறது. ஆரம்ப வருடக் கார்களில் பேரிங் தேய்ந்து எஞ்சினே போனது. கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்து மாற்றிக் கொடுத்தது. 10டபிள்யூ-60 என்ற கெட்டியான ஆயில்தான் இதற்கு. குளிரில் அது இன்னும் கெட்டி. எனவே சூடேறுமுன் விரட்டியவரின் காரை வாங்கினால் அவர் செய்த பாவத்துக்கு நீங்கள் எஞ்சின் வேலை பார்க்க வேண்டிவரும்.

டேப்பெட்டும் இதே கதை. அதிவேகச் சுழற்சிக்காக ஹைட்ராலிக் டேப்பெட்டை விட்டுவிட்டு, ஷிம் வைத்துக் கையால் இடைவெளி சரிசெய்யும் பழைய முறைக்கே போனார்கள். சர்வீஸ் புத்தகத்தில் டேப்பெட் செட்டிங் செய்ததாக எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். முத்திரை எத்தனை இருந்தாலும் அந்த வரி இல்லாத புத்தகத்தை நான் முழுப் புத்தகமாக எடுத்துக்கொள்வதில்லை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வானோஸ் அமைப்பிலும் தேய்மானம் உண்டு. அது தெரிந்த நோய், தெரிந்த மருந்து.

எம்3யில் எனக்கு உண்மையான கவலை தருவது பின்பக்கத் தரை. பின் ஆக்ஸிலைத் தாங்கும் சப்ஃப்ரேம் வந்து சேரும் இடங்களில் தகடு விரிசல் விடுகிறது. இ46 எல்லாவற்றுக்கும் உள்ள பலவீனம் இது. எம்3யின் இழுவையில் சீக்கிரம் வெளியே வருகிறது. காரை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைச் சுற்றி மயிரிழைக் கோடு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். முன் உரிமையாளர் ஏற்கெனவே பலப்படுத்தும் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தால் பயப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள். வேலை நடந்தபோது எடுத்த படங்களை மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கியர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆறு கியர் மேனுவல்தான். எஸ்எம்ஜி என்கிற கிளட்ச் பெடல் இல்லாத கியர் பந்தயத் தடத்தில் சிலிர்க்க வைக்கும், நகர நெரிசலில் தலையாட்டி எரிச்சலூட்டும். அதன் ஹைட்ராலிக் பம்ப் போனால் செலவும் பெரிது. கார்பன் கூரையும் 360 ஹார்ஸ்பவருமாக 1,383 மட்டுமே செய்த சிஎஸ்எல் சேகரிப்பாளர்கள் கைக்குப் போய்விட்டது. ஓட்டுவதற்காக வாங்குகிறவர் அதை மறந்துவிடலாம்.

போர்ஷே கேமன் எஸ் முற்றிலும் வேறு ஜாதி. 2005-இல் வந்தது, 987 தலைமுறை. 3,387 சிசி, 295 ஹார்ஸ்பவர்; அன்றைய 911 கரெராவைவிட 30 குறைவு. எண்ணில் தோற்ற இந்தக் கார் வளைவில் தோற்பதில்லை. ஆறு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், பின் ஆக்ஸிலுக்கு முன்னால் படுத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பின் கதவைத் திறந்தால் கார்ப்பெட்தான். ஆயிலும் கூலன்ட்டும் ஊற்ற இரண்டு மூடி மட்டும் உண்டு. எடை நடுவில் இருப்பதால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் மொத்தமாகத் திரும்புகிறது. முன்பகுதி முதலில், பின்பகுதி அப்புறம் என்ற இரண்டு கட்டமே இல்லை. அந்தத் தலைமுறையின் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் சாலையின் சொரசொரப்பு விரல் நுனி வரை வரும். அடுத்த தலைமுறை எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்குக்கு மாறியது. துல்லியம் குறையவில்லை, அந்தப் பேச்சு குறைந்துவிட்டது. மலைப்பாதையில் ஓட்டிச் சந்தோஷப்பட ஆசைப்படுகிறவருக்கு இதன் விலையில் இதைவிட நல்ல கார் இல்லை என்பது என் தீர்மானம்.

இதன் பழுதும் அந்த ஒளிந்திருக்கும் எஞ்சினில்தான். கேம்ஷாஃப்ட்டுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இடைத்தண்டின் ஒரு முனையில் உள்ள பேரிங் உடைந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எல்லாம் முடிந்துவிடும். 996 தலைமுறை 911ஐயும் முதல் பாக்ஸ்டரையும் கெட்ட பெயரெடுக்க வைத்தது இதுதான். கேமன் எஸ்ஸில் பெரிய பேரிங் வைத்தார்கள், ஆபத்து வெகுவாகக் குறைந்தது. அதைவிட நான் அஞ்சுவது சிலிண்டர் சுவரில் விழும் கீறலை. எடை குறைய அலுமினியத்திலேயே வார்த்த சிலிண்டர் அது. பிஸ்டன் மேற்பூச்சு தேய்ந்து சுவரை உரசத் தொடங்கினால் ஆயில் குடிக்கும், டிக் டிக்கென்று ஒரு தட்டல் கேட்கும். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமரா விட்டு ஆறு சிலிண்டரையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

போர்ஷேயில் ஒரு வசதி உண்டு. எஞ்சின் எல்லை மீறிச் சுழன்ற கணக்கையும், கடைசியாக அப்படி நடந்தது ஓட்டத்தின் எத்தனையாவது மணியில் என்பதையும் காரின் கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும். ஐந்திலிருந்து நான்குக்குப் போக நினைத்து இரண்டில் கியரைப் போட்டவரை அது மறப்பதில்லை. எஞ்சின் மொத்தம் ஓடிய மணியும் அதிலேயே கிடைக்கும். ஓடோமீட்டர் கிலோமீட்டரை அந்த மணியால் வகுத்துப் பாருங்கள். 70,000 கிலோமீட்டருக்கு 1,500 மணி என்றால் சராசரி 47, நம்பலாம். 40,000 கிலோமீட்டருக்கு 2,000 மணி என்று வந்தால் சராசரி 20தான். கார் வாழ்நாள் முழுக்க நெரிசலில் நின்றிருக்க வேண்டும், அல்லது யாரோ ஓடோமீட்டரில் கை வைத்திருக்க வேண்டும்.

2009 மாடலில் எஞ்சினையே புதிதாகச் செய்தார்கள். இடைத்தண்டு இல்லை, 3,436 சிசி, 320 ஹார்ஸ்பவர், பழைய ஹைட்ராலிக் ஸ்டீயரிங் அப்படியே. விலை அதிகம்தான். அந்த வித்தியாசத்தைக் கொடுக்கலாம்.

ஜப்பான் பக்கம் திரும்பினால் என் கண் நிற்பது மஸ்டா ஆர்எக்ஸ்-7இல், எஃப்டி தலைமுறை. 1991-இல் வந்தது. ரோட்டரி எஞ்சினால் மஸ்டா லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றதும் அதே வருடம்தான். உடம்பில் நேர்கோடு என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். வெளிச்சம் முன் ஃபெண்டரில் ஏறி, கதவில் இறங்கி, பின் தோளில் மறுபடி ஏறும். இன்றைக்கும் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற கார். எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. இரண்டு முக்கோண ரோட்டர்கள், வெறும் 1,308 சிசி, இரண்டு டர்போ. எஞ்சின் சின்னது என்பதால் முன் ஆக்ஸிலுக்குப் பின்னால் தள்ளி, தாழ்வாக வைக்க முடிந்தது. அந்த மூக்குத் தாழ்வும் சமநிலையும் அதனால் வந்தவை.

விலையும் அங்கேதான். ரோட்டரின் மூன்று நுனிகளிலும் உள்ள அபெக்ஸ் சீல்கள் தேய்ந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். அந்த சீல்கள் வழுக்கி ஓட எஞ்சின் கொஞ்சம் ஆயிலையும் சேர்த்தே எரிக்கும். அது பழுதல்ல, அதன் இயல்பு. சாதாரணக் கம்ப்ரஷன் கேஜ் உயர்ந்த அளவை மட்டும்தான் காட்டும். ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரிக்கான கருவியால் அளக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். டர்போக்களை முறை வைத்து இயக்கும் ரப்பர் வேக்வம் குழாய்கள் வெப்பத்தில் காய்ந்து வெடிப்பதும் சகஜம். இது ஒரே காராக வீட்டில் இருக்கக் கூடாத கார். ரோட்டரி தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இல்லாதவர் தூரத்திலிருந்து ரசிப்பதே நல்லது.

ஹோண்டா என்எஸ்எக்ஸ் இந்த வரிசையில் மிகச் சிறந்த பொறியியல். முழு அலுமினிய உடம்பு, டைட்டானியம் கனெக்டிங் ராட், 1990-இலேயே. மெக்லாரன் எஃப்1ஐ வடிவமைத்த கார்டன் மர்ரே அதைத்தான் தன் அளவுகோலாக வைத்துக்கொண்டார். விலை ஏறிவிட்டது, மோதிய உடம்பை நிமிர்த்தத் தெரிந்தவர்கள் குறைவு. வசதி உள்ளவர் யோசிக்காமல் வாங்கலாம்.

எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நாலு டயரும் ஒரே நல்ல கம்பெனியா என்று பாருங்கள். இப்படிப்பட்ட காருக்கு டயரில் சிக்கனம் பார்த்தவர் ஆயிலிலும் பார்த்திருப்பார். காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடச் செலவுக்கென்று தனியாக ஒதுக்கி வைக்க முடியாதவர் ஒரு படி கீழே இறங்கி வேறு கார் பார்க்கட்டும்.

ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், 2009 மாடலிலிருந்து வந்த 987 கேமன் எஸ், மேனுவல் கியர். வாங்கி நிம்மதியாக ஓட்டலாம். தினமும் பின்சீட்டில் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், ஞாயிறு காலை 8,000 சுற்றும் வேண்டும் என்கிறவருக்குத் தரை பலப்படுத்திய, பேரிங் மாற்றிய எம்3. இரண்டில் எதை எடுத்தாலும், ஆயில் சூடேறும்வரை பொறுங்கள்.